காமெடியைக் கோட்டை விடும் மாடல்: அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

சமூக வலைதளப் பதிவுகளில் எது நகைச்சுவை, எது இல்லை என்று பிரிக்க ஒரு மாடலை, அதாவது உதாரணங்களைப் பார்த்துக் கற்கும் நிரலை, பழக்கிவிட்டீர்கள். ஓடுகிறது, ஆனால் சரியாக ஓடவில்லை. இந்த இடத்தில் பலரும் முதலில் செய்வது இன்னும் பெரிய மாடலைத் தேடிப் போவது. அதைக் கடைசிக்குத் தள்ளி வையுங்கள். தமிழ்ப் பதிவுகளில் பழுது பெரும்பாலும் மாடலுக்கு முன்னாலேயே இருக்கும்: டேட்டா எடுத்த விதத்தில், எழுத்தைப் பிரித்த விதத்தில், ஒவ்வொரு பதிவும் காமெடியா இல்லையா என்று லேபிள் போட்டவர்களிடம் கேட்ட கேள்வியில்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதல் வேலை ஒன்றுதான். மாடல் தவறாகச் சொன்ன பதிவுகளில் ஒரு நூறை எடுத்து ஷீட்டில் போட்டு, கண்ணால் படியுங்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஏன் தவறியிருக்கும் என்று இரண்டு சொல்லில் எழுதுங்கள். சலிப்பான வேலைதான். ஆனால் கீழே உள்ளவற்றில் உங்களுடையது எது என்பது நாற்பதாவது வரி தாண்டுவதற்குள் தெரிந்துவிடும்.

அறிகுறி: டெஸ்டில் 97 சதவீதம், வெளியில் விட்டால் சொதப்பல்

'நகைச்சுவை அல்லாதவை' எங்கிருந்து வந்தன என்று பாருங்கள். ஜோக்குகளை மீம் பக்கங்களிலிருந்தும் மற்றதைச் செய்தித் தலைப்புகளிலிருந்தும் எடுத்திருந்தால், மாடல் கற்றது நகைச்சுவையை அல்ல. பேச்சுத் தமிழையும் செய்தித் தமிழையும் பிரிக்கக் கற்றிருக்கிறது. 'தெரிவித்துள்ளார்' என்று முடிந்தால் சீரியஸ், 'சொல்றாங்கப்பா' என்று முடிந்தால் காமெடி. டெஸ்ட் டேட்டாவும் (பழக்கும்போது காட்டாமல் சோதிக்க ஒதுக்கியவை) அதே குட்டையிலிருந்து வந்ததால் அங்கே ஸ்கோர் பிரமாதமாக இருக்கும். வெளியில் எல்லாரும் பேச்சுத் தமிழில்தான் எழுதுகிறார்கள். துக்கத்தையும் அதில்தான் எழுதுகிறார்கள்.

இது இந்தத் துறையின் பழைய வியாதி. 2005-ல் ராடா மிஹால்சியாவும் கார்லோ ஸ்ட்ராப்பராவாவும் 16,000 ஒருவரி ஆங்கில ஜோக்குகளை வைத்து வகைப்படுத்திப் பார்த்தார்கள். எதிர்ப்பக்கத்தில் ராய்ட்டர்ஸ் தலைப்புகளை வைத்தபோது துல்லியம் 97 சதவீதத்தை ஒட்டி வந்தது. அதே ஜோக்குகளுக்கு எதிரே பிரிட்டிஷ் தேசியத் தொகுப்பு என்ற ஆங்கில மொழிக் களஞ்சியத்தின் சாதாரண வாக்கியங்களை வைத்தபோது 79-க்கு இறங்கியது. ஜோக்குகள் மாறவில்லை, எதிரே நின்றவைதான் மாறின. 2020-ல் வந்த இரண்டு லட்சம் வரித் தொகுப்பும் பாதி ரெட்டிட் ஜோக், பாதி ஹஃப்போஸ்ட் தலைப்பு. நீளத்தையெல்லாம் சமப்படுத்தித்தான் செய்தார்கள். ஆனாலும் தலைப்பு மொழி தலைப்பு மொழிதான். அதில் 98 எடுத்த மாடலை உங்கள் கமென்ட் பெட்டிக்குக் கொண்டுவந்துவிட்டு ஏமாந்தால் மாடலைத் திட்டிப் பயனில்லை.

சோதிக்க ஒரு குறுக்கு வழி: பதிவின் நீளம், கேள்விக்குறி, ஆச்சரியக்குறி, எமோஜி எண்ணிக்கை, இவற்றை மட்டும் கொடுத்து ஒரு சாதாரண லாஜிஸ்டிக் ரிக்ரஷனை (இரண்டாகப் பிரிக்கும் எளிய கணக்கு) ஓட்டுங்கள். ஒரு சொல்லைக்கூடப் படிக்காத அதுவே எண்பதைத் தாண்டினால் டேட்டாவில் பொத்தல் இருக்கிறது.

சரிசெய்ய, எதிர்ப்பக்கப் பதிவுகளை அதே ஹேஷ்டேக், அதே வாரம், முடிந்தால் அதே கணக்குகளிலிருந்து எடுங்கள். காமெடிக் கணக்கு எழுதியதெல்லாம் காமெடி என்று கணக்கை வைத்து லேபிள் போடாதீர்கள். அவர்களும் பிறந்தநாள் வாழ்த்து போடுகிறார்கள், ரத்தம் தேவை என்று ஷேர் செய்கிறார்கள். உருகுவே நாட்டுக் குடியரசுப் பல்கலைக்கழகக் குழு ஸ்பானிய ட்வீட்களுக்குத் தொகுப்பு செய்தபோது காமெடிக் கணக்குகளிலிருந்தும் பொது ஓட்டத்திலிருந்தும் எடுத்தார்கள். பிறகு எல்லாவற்றையும் மனிதர்களிடம் காட்டித்தான் லேபிள் வாங்கினார்கள். 'ஹாஹா' என்ற பெயரில் 2018-லிருந்து நடந்த போட்டிகளுக்கு அடிப்படை அந்தத் தொகுப்புதான்.

கூடவே ஃபார்வர்டு ஜோக்குகள். ஒரே ஜோக் நான்கு கணக்குகளில் ஒரு சொல் மாறி வந்திருக்கும். அதில் ஒன்று டிரெயினிங்கிலும் இன்னொன்று டெஸ்டிலும் விழுந்தால் மாடல் மனப்பாடம் செய்து பாஸாகிவிடும். டேட்டாவைப் பிரிப்பதற்கு முன்பே, ஏறக்குறைய ஒன்றாக இருப்பவற்றை ஒரே கட்டாகக் கட்டி, கட்டு முழுவதையும் ஒரே பக்கம் போடுங்கள்.

அறிகுறி: தமிழ் எழுத்தில் வந்த பதிவுகளுக்கு மட்டும் ஸ்கோர் 0.5-ஐ ஒட்டியே நிற்கிறது

ஸ்கோர் 1-ஐ ஒட்டினால் நகைச்சுவை, 0-ஐ ஒட்டினால் இல்லை, 0.5 என்றால் 'தெரியாது'. மாடலுக்குத் தமிழே போய்ச் சேரவில்லை. எழுத்தைத் துண்டுகளாகப் பிரிக்கும் டோக்கனைசரைத் திறந்து பாருங்கள்.

பைத்தான் நூலகமான சைகிட்-லேர்னில் சொற்களை எண்ணித்தரும் கவுண்ட்வெக்டரைசரும், அரிய சொல்லுக்கு அதிக எடை தரும் அதன் டிஎஃப்-ஐடிஎஃப் தம்பியும் இயல்பு நிலையில், 'இரண்டோ அதற்கு மேலோ சொல்லெழுத்துகள் சேர்ந்து வந்தால் அது ஒரு சொல்' என்ற விதிப்படி பிரிக்கின்றன. பைத்தானின் கணக்கில் அ, க, ம போன்றவை சொல்லெழுத்துகள். துணைக்காலும் கொம்பும் புள்ளியும் அல்ல. அவை வந்த இடமெல்லாம் சொல் வெட்டப்படும். விளைவைப் பாருங்கள்: 'மொக்கை' என்று கொடுத்தால் ம, க, க என்று ஒற்றை ஒற்றையாக உதிரும், ஒற்றை எழுத்து சொல் ஆகாது என்பதால் மூன்றும் குப்பைக்குப் போகும். 'காமெடி'யும் அப்படியே. 'செம'வும் அப்படியே. 'கலாய்' என்றால் 'கல' என்று ஒரு துண்டு மிஞ்சும். 'கலக்கல்' என்றால் 'கலக', 'கல' என்று இரண்டு துண்டு. ரோட்டில் கிடக்கும் 'கல்'லும் அதே 'கல'தான். ஒரு நகைச்சுவை மாடலுக்கு மொக்கையும் காமெடியும் தெரியாது, கலாய்ப்பதும் கல்லும் ஒன்று என்றால், 0.5 சொன்னதே அதன் நேர்மை.

மாற்று எளிது. இடைவெளியில் பிரிக்கும் பேட்டர்னை நீங்களே கொடுங்கள், அல்லது சொல் எல்லைக்குள் கேரக்டர் என்-கிராம், அதாவது அடுத்தடுத்த சில எழுத்துகள் சேர்ந்த துண்டுகள், எடுக்கச் சொல்லுங்கள். தமிழில் விகுதிகள் ஒட்டி ஒட்டிச் சொல் நீள்வதால் இரண்டாவதே பெரும்பாலும் நன்றாக வேலை செய்யும்.

பெர்ட் வகை மாடல்களில் (பெரிய எழுத்துக் குவியலில் முன்பே பழகி வருபவை) இதே நோய் வேறு உருவத்தில் வரும். ஆங்கிலப் பெரிய எழுத்தைச் சின்ன எழுத்தாக்கும் அமைப்பு ஆன் செய்திருந்தால், கூடவே 'உச்சரிப்புக் குறி நீக்கம்' என்று ஒன்று நடக்கும். பிரெஞ்சு எழுத்தின் தலையில் உள்ள கோட்டை எடுக்க வைத்த வசதி அது. யூனிகோடு வகைப்பாட்டில் நம் புள்ளியும் ஈகாரச் சுழியும் அதே பிரிவில் இருப்பதால் அவையும் போய்விடும். 'சிரிப்பு' 'சிரிபபு' ஆகும். 'நீ' வெறும் 'ந' ஆகும். டோக்கனைசரை ஏற்றும்போதே சின்ன எழுத்தாக்கத்தையும் குறி நீக்கத்தையும் அணைத்துவிடுங்கள்.

இன்னொரு சின்ன வேலை, யூனிகோடு சீராக்கம். 'கொ' என்பதை க, ொ என இரண்டு குறியீடாகவும் எழுதலாம். க, ெ, ா என மூன்றாகவும் எழுதலாம். திரையில் ஒன்றாகத் தெரியும், கணினிக்கு வேறு வேறு. என்எஃப்சி சீராக்கம் இதைத் தீர்க்கும். ஆனால் ஔகாரக் குறிக்குப் பதிலாகக் கொம்பும் 'ள'வும் தட்டுகிறார்களே, அதைத் தீர்க்காது. அதற்குத் தனியாகத்தான் விதி எழுத வேண்டும்.

அறிகுறி: ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழ் என்றால் குழப்பம்

'செம' என்பதை ஆங்கில எழுத்தில் ஒரு எம் போட்டும் எழுதுவார்கள், இரண்டு போட்டும் எழுதுவார்கள், உற்சாகம் வந்தால் ஏ-வை ஏழு முறையும் அழுத்துவார்கள். சொல்லை முழுதாகப் பார்க்கும் மாடலுக்கு இவை எல்லாம் தனித்தனிச் சொற்கள். 2020-ல் வெளியான தமிழ்-ஆங்கிலக் கலப்புத் தொகுப்பு 15,744 யூடியூப் கமென்ட்களைக் கொண்டது. அதைப் புரட்டினால் ஒரே சொல்லுக்கு எத்தனை எழுத்துக்கூட்டல் இருக்க முடியும் என்பது விளங்கும்.

சோதனை: உங்கள் டெஸ்டிலிருந்து கொஞ்சம் பதிவுகளை எடுத்துத் தமிழ் எழுத்திலும் ஆங்கில எழுத்திலும் இரண்டு விதமாக எழுதி ஓட்டுங்கள். ஒரே ஜோக்குக்கு ஸ்கோர் பெரிதாக விலகினால் பிரச்சினை எழுத்தில்தான். கூகுள் வெளியிட்ட மியூரில் என்ற இந்திய மொழி மாடல், எழுத்துப்பெயர்ப்பு டேட்டாவையும் (இந்திய மொழியை ஆங்கில எழுத்தில் எழுதியது) சேர்த்தே பழக்கப்பட்டது. எக்ஸ்எல்எம்-ஆர் என்ற பன்மொழி மாடல் பழகிய டேட்டாவிலும் ஆங்கில எழுத்துத் தமிழ் தனியாக இருக்கிறது. இந்த இரண்டில் ஒன்றிலிருந்து தொடங்குவது நல்லது. எல்லாவற்றையும் தமிழ் எழுத்துக்கு மாற்றிவிட்டுப் பழக்கலாமே என்று தோன்றும். மாற்றும் கருவி தவறு செய்யும் இடங்கள் பெரும்பாலும் வார்த்தை விளையாட்டு இருக்கும் இடங்கள், அதாவது உங்களுக்கு வேண்டிய இடங்கள். எனவே எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை.

நீட்டி எழுதிய எழுத்துகளைச் சுருக்கும்போது ஒரே எழுத்தாக்கிவிடாதீர்கள். இரண்டாகச் சுருக்கி, 'இங்கே நீட்டல் இருந்தது' என்று ஒரு அடையாளத்தையும் விட்டுவையுங்கள். நக்கலில் பாதி அந்த நீட்டலில்தான் இருக்கிறது.

அறிகுறி: சிரிப்பு எமோஜி இருந்தால் எல்லாமே நகைச்சுவை

கண்ணீர் வரச் சிரிக்கும் எமோஜியை எடுத்துவிட்டு அதே பதிவை மறுபடி ஓட்டுங்கள். 0.9-லிருந்து 0.2-க்கு விழுந்தால் மாடல் வாக்கியத்தைப் படிக்கவே இல்லை.

இதில் மாடலைவிட லேபிள் விதிக்குப் பங்கு அதிகம். 'சிரிச்சு சிரிச்சு வயிறு வலிக்குது' என்பது ஜோக் அல்ல. வேறு யாரோ சொன்ன ஜோக்குக்கு வந்த எதிர்வினை. யூடியூப் கமென்ட்களில் இந்த வகை மலை மாதிரி குவியும். இதை நகைச்சுவை என்று குறிக்கச் சொன்னீர்களா, வேண்டாம் என்றீர்களா, அல்லது ஒன்றுமே சொல்லாமல் விட்டீர்களா? சொல்லாமல் விட்டிருந்தால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி போட்டிருப்பார்கள். 'எதிர்வினை' என்று மூன்றாவது லேபிளே வைத்துவிடுவது என் வழக்கம். பிறகு டிரெயினிங்கின்போது பாதிப் பதிவுகளில் எமோஜியைக் குலுக்கல் முறையில் மறைத்துவிடுங்கள். முழுக்க நீக்க வேண்டாம். அதிலும் தகவல் இருக்கிறது.

அறிகுறி: துக்கச் செய்தியை ஜோக் என்கிறது, ஜோக்கைத் துக்கம் என்கிறது

இருப்பதில் மோசமான பிழை இது. ஒரு மொக்கை ஜோக்கை விட்டுவிட்டால் யாருக்கும் நஷ்டமில்லை. அஞ்சலிப் பதிவின் மேல் 'வேடிக்கை' என்ற முத்திரை விழுந்தால் அந்த வீட்டுக்காரர்கள் பார்ப்பார்கள்.

தமிழில் இது அடிக்கடி நடக்கக் காரணம் இருக்கிறது. சாவு தொடர்பான சொற்களை நாம் சாவுக்கு மட்டும் வைத்திருக்கவில்லை. 'மரண கலாய்', 'செத்துட்டேன்டா சாமி', 'உசுரே போச்சு' என்பவை எல்லாம் சிரிப்பின் உச்சத்தில் வருபவை. ஜோக் டேட்டாவில் இவை நிறைய, அஞ்சலிப் பதிவுகள் குறைவு என்றால், மாடல் மரணம் என்ற சொல்லையே சிரிப்புக்கான அடையாளமாக எடுத்துக்கொள்ளும்.

அஞ்சலி, விபத்து, காணவில்லை, ரத்தம் தேவை, மருத்துவ உதவி ஆகிய பதிவுகளைக் கொண்டு தனியாக ஒரு டெஸ்ட் கட்டு தயார் செய்யுங்கள். மொத்த எஃப்1 (மாடல் எவ்வளவு சரியாகப் பிரிக்கிறது என்ற மதிப்பெண்) எவ்வளவு ஏறினாலும், இந்தக் கட்டில் தவறு கூடினால் அந்த மாடலை வெளியே விடக்கூடாது என்று விதி வையுங்கள். இந்தச் சொற்கள் வரும் பதிவுகளுக்கு மட்டும் வரம்பை உயர்த்தி, 0.5-க்குப் பதில் 0.85 தாண்டினால்தான் நகைச்சுவை என்று சொல்லவைப்பதும் உதவும். அழகான தீர்வு அல்ல, ஆனால் அடுத்த ரிலீஸ் வரை காப்பாற்றும்.

எதிர்த்திசைப் பிழைக்கு நேசமணியைவிட நல்ல உதாரணம் கிடையாது. 2019 மே மாதக் கடைசியில் ஃபேஸ்புக்கில் ஒரு சிவில் இன்ஜினியரிங் பக்கம் சுத்தியல் படத்தைப் போட்டு, உங்கள் ஊரில் இதற்கு என்ன பெயர் என்று கேட்டது. தமிழ்நாட்டுக்காரர் ஒருவர் பெயரைச் சொன்னதோடு நிற்காமல், இதனால்தான் கான்ட்ராக்டர் நேசமணியின் தலையில் அடிபட்டது என்றும் சேர்த்தார். 2001-ல் வந்த ஒரு படத்தில் வடிவேலு ஏற்ற பாத்திரம் அது. அவர் நலமா என்று இன்னொருவர் கேட்க, நேசமணிக்காகப் பிரார்த்திக்கச் சொல்லும் ஹேஷ்டேக் உலக அளவில் டிரெண்ட் ஆனது, அதுவும் டெல்லியில் புதிய அரசு பதவியேற்ற நேரத்தில். வெளியூர்க்காரர்கள் உண்மையிலேயே யாருக்கோ ஆபத்து என்று நம்பிக் கேட்டார்கள்.

அந்தப் பதிவுகளில் எத்தனையோ, எழுத்தளவில், நிஜமான பிரார்த்தனையிலிருந்து ஒரு எழுத்துகூட வேறுபடாதவை. 'சீக்கிரம் குணமடைந்து வரணும்' என்ற வாக்கியத்தில் ஜோக் எங்கே இருக்கிறது? வாக்கியத்தில் இல்லை. அதைக் கண்டுபிடிக்கச் சொல்லி வாக்கியத்தை மட்டும் கொடுத்து மாடலைப் பிழிவது வீண் வேலை. அதே ஹேஷ்டேக்கில் அந்த மணி நேரத்தில் வந்த மற்ற பதிவுகள் சிலவற்றையும், எந்தப் பதிவுக்குப் பதில் என்பதையும் சேர்த்துக் கொடுங்கள். அது முடியாத அமைப்பு என்றால் 'சூழல் இல்லாமல் சொல்ல முடியாது' என்று ஒதுங்கும் வழியை மாடலுக்குக் கொடுங்கள்.

அறிகுறி: புகழ்வது மாதிரி திட்டினால் புரியவில்லை

'கரண்டு போனதுக்கு ரொம்ப நன்றி. நாலு வருஷம் கழிச்சு இன்னைக்குத்தான் பக்கத்து வீட்டுக்காரர் பேர் தெரிஞ்சுது.' இதை மாடல் நன்றி அறிவிப்பு என்று எடுத்துக்கொள்கிறதா? அப்படியானால் உங்கள் டேட்டாவில் வஞ்சப்புகழ்ச்சி போதவில்லை. யூடியூப் கமென்ட்களை வைத்து 2023-ல் ஃபயர் என்ற ஆய்வு மாநாட்டில் தமிழ், மலையாளக் கிண்டலைக் கண்டறியும் போட்டி நடந்தது. அந்த டேட்டா கை கொடுக்கும். ஆனால் கிண்டல் வேறு, நகைச்சுவை வேறு. கோபத்தில் 'நல்லா இருங்கடா' என்பது கிண்டல்தான், அதில் யாரும் சிரிப்பதில்லை. அந்த லேபிளை அப்படியே நகைச்சுவை என்று மாற்றிப் போட்டால் ஒரு வியாதிக்கு இன்னொரு வியாதியை வாங்கியதாகும். இரண்டு லேபிளும் தனித்தனியாக இருக்கட்டும்.

பதில் பதிவுகளுக்கு இன்னொரு சோதனை: மேலே உள்ள மூலப்பதிவை மறைத்துவிட்டு, பதிலை மட்டும் ஒரு நண்பரிடம் காட்டுங்கள். அவருக்கே புரியவில்லை என்றால் மாடலிடம் எதிர்பார்ப்பது நியாயம் இல்லை. மூலத்தையும் சேர்த்துக் கொடுங்கள்.

அறிகுறி: என்ன செய்தாலும் ஒரு அளவுக்கு மேல் ஸ்கோர் ஏறவில்லை

லேபிள் போட்டவர்களுக்குள்ளேயே எவ்வளவு ஒற்றுமை இருக்கிறது என்று கணக்கிடுங்கள். பலர் இதைச் செய்வதே இல்லை.

அந்த உருகுவே தொகுப்பில், ஒரு ட்வீட் நகைச்சுவையா இல்லையா என்பதில் ஒற்றுமையை அளக்கும் கிரிப்பென்டார்ஃப் ஆல்ஃபா (1 என்றால் முழு ஒற்றுமை, 0 என்றால் குருட்டாம்போக்கு) 0.57 வந்தது. எவ்வளவு வேடிக்கை என்று நட்சத்திரம் போடச் சொன்னபோது 0.16-தான். அதாவது ஜோக் சொல்ல முயல்கிறார் என்பதில் ஓரளவு ஒத்துப்போகிறார்கள். அந்த ஜோக் நன்றாக இருக்கிறதா என்பதில் ஏறக்குறைய ஆளுக்கொரு பக்கம். உங்கள் லேபிள் படிவத்தில் 'இது காமெடியா?' என்று ஒரே கேள்வி இருந்தால், ஒருவர் முதல் பொருளிலும் இன்னொருவர் இரண்டாவது பொருளிலும் பதில் சொல்லியிருப்பார். கேள்வியை உடையுங்கள்: 'எழுதியவர் சிரிக்கவைக்க முயல்கிறாரா?' என்று ஒன்று, 'உங்களுக்குச் சிரிப்பு வந்ததா?' என்று ஒன்று. மாடலை முதல் கேள்வியில் பழக்குங்கள். இரண்டாவதை வேண்டுமானால் சராசரியாக வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவதாக ஒரு கேள்வியும் தேவை: 'இது யாரையாவது புண்படுத்துகிறதா?' நிறத்தையும் உடலையும் சாதியையும் வைத்துச் செய்யும் 'காமெடி' நம் ஊரில் ஏராளம். 2021-ல் செம்இவல் என்ற மொழி ஆய்வுப் போட்டியில் 10,000 ஆங்கிலப் பதிவுகளை, ஒவ்வொன்றையும் 20 பேரிடம் காட்டி, நகைச்சுவையையும் புண்படுத்தலையும் சேர்த்தே கேட்டார்கள். 18 முதல் 70 வயது வரை ஆட்களைப் பிடித்தார்கள். நமக்கு வயதோடு ஊரும் முக்கியம். நெல்லைப் பேச்சின் குசும்பு சென்னைப் பையனுக்குப் பிடிபடாது, யாழ்ப்பாணத்து நக்கல் கோவையில் சாதாரணப் பேச்சாகப் போய்விடும். லேபிள் போடும் ஐந்து பேரும் ஒரே கல்லூரி ஹாஸ்டல் என்றால் மாடலும் அந்த ஹாஸ்டலின் சிரிப்பைத்தான் சிரிக்கும்.

பெரும்பான்மை வாக்கை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை அழித்துவிடாதீர்கள். ஐந்தில் மூன்று பேர் சொன்னதும் ஐந்தில் ஐந்து பேர் சொன்னதும் ஒன்றல்ல. 0.6, 1.0 என்று அப்படியே கொடுத்துப் பழக்கினால் மாடலின் நிச்சயமும் நம்பும்படி இருக்கும்.

அறிகுறி: மீம் வந்தால் கை விரிக்கிறது

படத்துக்குள் இருக்கும் எழுத்து மாடலுக்கு வரவில்லை. ஓசிஆர் (படத்தில் உள்ள எழுத்தைப் படித்துத் தரும் கருவி) வையுங்கள், மேலும் கீழும் இருக்கும் வரிகளின் வரிசை மாறாமல் பாருங்கள், வரிசை மாறினால் ஜோக் செத்தது. முகபாவத்தில் மட்டும் இருக்கும் நகைச்சுவைக்குப் படத்தையும் படிக்கும் மாடல்தான் வேண்டும். தமிழ் மீம்களுக்கு 2020-ல் ஒரு தொகுப்பு வந்தது. ஆனால் அதன் லேபிள் டிரோலா இல்லையா என்பது. நகைச்சுவை என்பதற்கு நேரடி மாற்று அல்ல.

அறிகுறி: போன வருஷம் நன்றாக இருந்தது, இப்போது தேய்கிறது

ஜோக் வார்க்கும் அச்சுகளான டெம்ப்ளேட்கள் மாறிவிட்டன. தீபாவளிக்கு ஓடிய வசனம் பொங்கலுக்குள் பழசாகிவிடும். 'வேளச்சேரில வீடு பார்க்குறீங்களா? எத்தனாவது மாடின்னு கேக்காதீங்க, படகு நிறுத்த இடம் இருக்கான்னு கேளுங்க' என்பது மழைக்காலத்துக்கு மட்டும் வரும் வகை. ஏப்ரலில் எடுத்த டேட்டாவில் அது இருக்காது.

டெஸ்டைக் குலுக்கல் முறையில் பிரிக்காமல் காலத்தை வைத்துப் பிரியுங்கள்: பழைய மாதங்களில் பழக்கி, கடைசி மாதத்தில் சோதியுங்கள். குலுக்கல் டெஸ்டுக்கும் கால டெஸ்டுக்கும் உள்ள இடைவெளிதான் உங்கள் மாடல் எவ்வளவு வேகமாகப் பழசாகிறது என்பதன் அளவு. பிறகு மாதம் ஒருமுறை, மாடல் 0.4-க்கும் 0.6-க்கும் இடையில் திணறிய புதுப் பதிவுகளில் கொஞ்சம், முழு உறுதியோடு சொன்னவற்றில் கொஞ்சம் என்று எடுத்து லேபிள் போட அனுப்புங்கள். இரண்டாவது வகையை விட்டுவிட வேண்டாம். புது டெம்ப்ளேட் வந்த வாரத்தில் மாடல் திணறுவதில்லை, அடித்துச் சொல்லித்தான் தவறுகிறது.